ரவுண்டாணாவில் ஒரு நண்பகல்

படம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூன்றே கால் அங்குல நீளம், இரண்டே கால் அங்குல அகலம். பாக்ஸ் கேமராவில் எடுத்து, நெகடிவ் அளவிலேயே அச்சுப் போட்டது. இடது ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்துத் தின்றிருக்கிறது. பின்பக்கம் ஒரு ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை. பெயர் அழிந்துவிட்டது, ‘மவுண்ட் ரோடு, மதராஸ்-2’ என்பது மட்டும் ஊதா நிறத்தில் மிச்சம். தேதி இல்லை.

நடுவில் தாத்தா நிற்கிறார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை. இடது கையில் ஒரு குழந்தை. மொட்டைத் தலை, காதில் சின்னதாக ஏதோ மின்னுகிறது, தொளதொளவென்று ஒரு கவுன். வலது கை தொங்கி, அரிக்கப்பட்ட ஓரத்துக்குள் போய் மறைகிறது. அவருக்குப் பின்னால் அகலமான சாலை. நாற்சந்தியில் குடைக்கடியில் போலீஸ்காரர், ஒரு கைரிக்‌ஷா, இரண்டு கார்கள், மரத்தில் பாதி மறைந்த சினிமா விளம்பரத் தட்டி. தூரத்தில், மற்ற எல்லாக் கட்டடங்களையும் குட்டையாக்கிக்கொண்டு, ஒரு நெட்டைக் கட்டடம்.

அருப்புக்கோட்டையில் அத்தை வீட்டுத் தகரப்பெட்டியில் இந்தப் படம் இருந்தது. தாத்தா 1955 முதல் 1960 வரை திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்தவர். பாட்டியும் கூடப் போயிருந்தார். பெரியப்பா 1955 ஐப்பசியில் பிறந்தார். அத்தை 1958 தை. என் அப்பா, எல்லாரும் ஊர் திரும்பிய பிறகு, 1961. பெரியப்பா எட்டு வயதுகூட நிறையாமல் 1963இல் காய்ச்சலில் போய்விட்டார். அவருக்கு ஒரு படமும் கிடையாது. அதனால்தான் இந்தப் படம்.

“அது அண்ணன்தான்யா. மூக்கைப் பாரு, அப்படியே எங்கப்பாவோட மூக்கு. பட்டணத்துல மொட்டை போட்டு எடுத்ததுன்னு அம்மா சொல்லும்.”

“உங்களுக்கும் பட்டணத்துலதான மொட்டை போட்டாங்க, அத்தை?”

“எனக்கும்தான். ஆனா இது அண்ணன்.”

குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கலாம். பெரியப்பா என்றால் படம் 1957 வாக்கில் எடுத்தது. அத்தை என்றால் 1959. இரண்டு வருட இடைவெளி. அதை ஒரு தெருவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா என்றுதான் நான் கிளம்பினேன்.

எனக்குச் சிவகாசியில் அச்சக வேலை. முப்பது வருடம் படங்களை ஸ்கேன் செய்து, புள்ளி புள்ளியாகப் பிரித்து, தட்டில் ஏற்றியவன். பழைய படத்துக்கு வயது சொல்வதில் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் இரண்டு முளை அடித்துக்கொள்ள வேண்டும்: ‘இதற்கு முன்னால் இல்லை’, ‘இதற்குப் பின்னால் இல்லை’. பிறகு இரண்டையும் நெருக்கிக்கொண்டே வர வேண்டும்.

இடம் எது என்பதில் சந்தேகமே எழவில்லை. தூரத்து நெட்டைக் கட்டடம் எல்.ஐ.சி. கிராமத்திலிருந்து ஒருவன் சென்னைக்கு வந்துவிட்டான் என்று காட்ட, தமிழ் சினிமா சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அடுத்தபடியாக நம்பியது இந்தக் கட்டடத்தைத்தான். ஊரில் இன்றும் ‘பதினாலு மாடி’ என்றுதான் சொல்வார்கள். அதை நேராகப் பார்க்கும்படி, வாலாஜா சாலை வந்து மவுண்ட் ரோட்டில் சேரும் நாற்சந்தியில் கேமரா நின்றிருக்கிறது. இன்று அண்ணா சிலை இருக்கும் இடம். அப்போது அதன் பெயர் ரவுண்டாணா.

அந்தப் பெயரை அத்தை ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. தாணா என்றால் காவல் நிலையம். வட்டமான தாணா இருந்த இடம் ரவுண்டு தாணா, பேச்சில் ரவுண்டாணா. எங்கள் பக்கத்தில் போலீஸ்காரரைத் தாணாக்காரர் என்பது இன்னும் வயதானவர்கள் வாயில் இருக்கிறது. சென்னை மறந்துவிட்ட பாதிச் சொல்லை அருப்புக்கோட்டை வைத்திருக்கிறது.

முதல் இரண்டு முளைகள் சுலபமாகக் கிடைத்தன. நாற்சந்தியில் அண்ணா சிலை இல்லை. அது 1968 ஜனவரி 1 அன்று, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் திறக்கப்பட்டது, அண்ணா முதலமைச்சராக உயிரோடு இருந்தபோதே. எனவே படம் அதற்கு முந்தியது. தலைக்கு மேலே டிராம் கம்பியும் இல்லை. மதராஸில் 1895இலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. ஐம்பத்தெட்டு வருடம் ஓடி, 1953 ஏப்ரலில் ஒரேயடியாக நின்றுபோனது. எனவே படம் அதற்குப் பிந்தியது. பதினைந்து வருட இடைவெளி. எங்கள் கேள்விக்கு அது எதற்கும் உதவாது, பெரியப்பாவும் அத்தையும் அதற்குள்ளேயே இருக்கிறார்கள்.

எல்.ஐ.சி. கொஞ்சம் நெருக்கிக் கொடுத்தது. அதைக் கட்டத் தொடங்கியவர் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார், தம்முடைய யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனிக்காக. 1954இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956இல் ஆயுள் காப்பீடு முழுவதும் அரசுடைமையாயிற்று. பாதியில் நின்ற கனவை ஆயுள் காப்பீட்டுக் கழகம் கட்டி முடித்து 1959 ஆகஸ்ட் 23 அன்று திறந்தது. 177 அடி. அன்றைக்கு இந்தியாவிலேயே உயரமான கட்டடம். என் படத்தில் அதன் மேல் மாடிகளைச் சுற்றிச் சவுக்குக் கம்புச் சாரம் கட்டியிருக்கிறது. 2400 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோது சாரத்தின் குறுக்குக் கம்புகளை எண்ண முடிந்தது. அப்படியானால் திறப்பு விழாவுக்கு முந்திய படம். எவ்வளவு முந்தி என்பதைச் சாரம் சொல்லவில்லை.

அதே ஸ்கேனில்தான் அந்தப் பலகையும் கண்ணில் பட்டது. தாத்தாவின் வலத்தோளுக்கு மேலே, ஒரு கடை வாசலில் சாக்கட்டியால் எழுதிய விலைப்பலகை. முதல் சொல் தெளியவில்லை. அதை அடுத்து 12 என்ற எண். அதற்கடுத்து ‘ந.பை.’

நயா பைசா. ரூபாய்-அணா-பைசாக் கணக்கு போய், நூறு பைசா ஒரு ரூபாய் என்று ஆனது 1957 ஏப்ரல் 1. பழைய பைசாவோடு குழம்பக் கூடாது என்று ‘நயா’ என்ற அடைமொழி சேர்த்தார்கள். 1964 ஜூனில் அதை எடுத்துவிட்டார்கள். ஆக, இந்தச் சாக்கட்டிக்காரர் 1957 ஏப்ரலுக்குப் பிறகு எழுதியிருக்கிறார். ஐப்பசி 1955இல் பிறந்த பெரியப்பாவுக்கு 1957 கோடையில் சரியாக ஒன்றரை வயது. அத்தையிடம் போனில் சொன்னேன். “நான்தான் சொன்னேனே” என்றார்.

நிழலைப் பற்றி அப்போது நான் யோசிக்கவே இல்லை.

•

ஜனவரியில் புத்தகக் காட்சிக்காகச் சென்னை போனேன். எழும்பூரில் இறங்கி, பை வைக்க ஓர் இடம் பிடித்து, முதல் வேலையாக மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்துக்குப் போனேன். பூமிக்கடியிலிருந்து மேலே ஏறி மவுண்ட் ரோட்டில் கால் வைப்பது எனக்குப் புதிது. இந்தச் சுரங்கப் பாதையைத் தோண்டிய வருடங்களில் சாலையைப் பலகைகளால் அடைத்திருந்தார்கள். 2019 பிப்ரவரியில்தான் ரயில் ஓடத் தொடங்கியது. இப்போது மேலே பார்த்தால் தோண்டியதற்கான தடமே தெரியவில்லை. மவுண்ட் ரோடு அண்ணா சாலை என்று பெயர் மாறி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆட்டோக்காரரிடம் “மவுண்ட் ரோடு” என்றால்தான் வண்டி சட்டென்று நகர்கிறது.

மாடியிலிருந்தோ மரத்திலிருந்தோ எடுத்த படமல்ல. தரையில் நின்று, வயிற்றருகே கேமராவைப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுத்தது. பாக்ஸ் கேமராவின் பழக்கம் அதுதான். எல்.ஐ.சி.யின் உச்சியையும் சாலையின் வளைவையும் வைத்துக்கொண்டு, நடைபாதையில் முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தேன். செல்பேசியில் பழைய படம், கண்ணெதிரே புதிய தெரு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடம் ஏறத்தாழ அகப்பட்டது. இன்று எல்.ஐ.சி. அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. எதிரும் புதிருமாக எழுந்த கண்ணாடிக் கட்டடங்கள் அதைத் தங்களில் ஒன்றாக்கிவிட்டன. 1975இல் அதன் மேல் மாடிகள் தீப்பற்றி எரிந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்றும் அந்தப் பக்கம் கடை வைத்திருக்கிறார்கள்.

அங்கே நின்றபோது மணி பன்னிரண்டேகால். பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம். அதன் நிழலைத் தற்செயலாகப் பார்த்தேன். என் வலப்பக்கமாக, எனக்குப் பின்னால் விழுந்திருந்தது. நல்ல நீளம், கம்பத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

செல்பேசியில் இருந்த படத்தை மறுபடி பார்த்தேன். தாத்தாவுக்குப் பக்கத்தில் ஓர் அஞ்சல் பெட்டி, உருளை வடிவம். அதன் நிழல் இடப்பக்கமாக, முன்னால் விழுந்திருக்கிறது. குட்டை நிழல். போலீஸ்காரரின் குடைக் கம்புக்கும் அப்படியே. நேர் எதிர்த் திசை.

அச்சுத் தொழில் செய்பவனுக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: நெகடிவைத் திருப்பி வைத்து அச்சடித்துவிட்டார்கள், இடம் வலமாகிவிட்டது. ஆனால் ‘ந.பை.’ நேராகத்தான் இருக்கிறது. எழுத்து நேராக இருந்தால் தெருவும் நேராகத்தான் இருக்கும். பிறகு நிழல் மட்டும் ஏன் புரள வேண்டும்?

மவுண்ட் ரோடு இந்த இடத்தில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகப் போகிறது. எல்.ஐ.சி.யைப் பார்த்து நின்றால் என் முகம் தென்மேற்கு. தெற்கு எனக்கு இடப்பக்க முன்னால், வடக்கு வலப்பக்கப் பின்னால். ஜனவரி வெயில் தெற்கிலிருந்து வருகிறது, நிழல் வடக்கே போகிறது. படத்தில் நிழல் தெற்கே போகிறது என்றால், அன்று உச்சிப் பொழுதில் சூரியன் தலைக்கு வடக்கே நின்றிருக்கிறது.

நடைபாதையில், இடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு நடுவே, இதை நினைத்த அந்த நிமிடம் எனக்கு மேல் சிலிர்த்தது. அறுபது வருடத்துக்கு முந்திய ஒரு பகலின் சூரியன் எங்கே நின்றது என்று, ஓர் அஞ்சல் பெட்டி குறித்து வைத்திருக்கிறது.

•

சூரியன் வடக்கே போவதும் வருவதும் உத்தராயணம், தட்சிணாயனம் என்று நமக்குப் பழகிய கணக்கு. ஆனால் ‘தலைக்கு மேலே’ என்பது ஊருக்கு ஊர் வேறு நாளில் நிகழ்கிறது. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் உச்சிப் பொழுதில் சூரியன் நேர் மேலே நிற்கும். நிழலில்லா நாள் என்று இப்போது பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டும், சென்னையில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற எட்டு மாதமும் வடக்கேதான்.

எங்கள் அருப்புக்கோட்டைக்கு அந்த நாள் இன்னும் முந்தி வருகிறது, சித்திரைப் பிறப்பை ஒட்டி. அந்த வருடம் புத்தாண்டன்று அத்தை வீட்டு முற்றத்தில் உலக்கையை நிறுத்தினோம். கிரகணத்தன்று உலக்கை தானாக நிற்கும் என்பது அத்தையின் அம்மா காலத்து நம்பிக்கை. அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். மணி 12.18. உலக்கை மட்டும் நின்றது, அதன் நிழல் அதன் காலடிக்குள் போய்விட்டது. அத்தை குனிந்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப படம் எடுத்தது கோடையிலன்னு சொல்ற.”

“ஆமா அத்தை. சித்திரை நடுவுல இருந்து ஆடி முடிய, ஏதோ ஒரு நாள்.”

“அண்ணனுக்கு மொட்டை போட்டது வைகாசியிலன்னு அம்மா சொல்லும்.”

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் ஜூனில் மறுபடி சென்னைக்கு வண்டி ஏறினேன். 1957 வைகாசியா, 1959 வைகாசியா என்பதைச் சூரியன் சொல்லாது, அதற்கு எல்லா வருடமும் ஒன்றுதான். இருந்தாலும் அந்த இடத்தில், அந்த வெயிலில் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்று தோன்றியது.

மூன்றடிக் குச்சி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். கத்திரி முடிந்தும் மவுண்ட் ரோட்டின் தார் கொதித்தது. ஜூன் 21, மணி 12.11. ஜனவரியில் நின்ற அதே இடத்தில் குச்சியை நிறுத்தினேன். நிழல் இடப்பக்கமாக முன்னால் விழுந்தது. அளந்தேன். ஆறரை அங்குலம். வேலைக்குப் போகும் ஒரு பெண் நின்று, “என்ன சார் பண்றீங்க?” என்றார். படத்தைக் காட்டினேன். அவர் நிழலைப் பார்க்கவில்லை. தாத்தாவைப் பார்த்து, “வெயில்ல கண்ணைச் சுருக்கியிருக்காரே, பாவம்” என்றார். அதை நான் அதுவரை கவனித்ததில்லை. கைக்குழந்தை கண்ணை மூடிக்கொண்டிருப்பதும் அப்போதுதான் விளங்கியது. தூக்கம் என்று நினைத்திருந்தேன். தூக்கமில்லை, கூச்சம்.

அஞ்சல் பெட்டியின் நிழலையும் அதன் உயரத்தையும் படத்தில் அளந்து பார்த்தேன். பார்வைக் கோணத்தில் பிசகு வரும் என்பதால் ஒரு நாளைச் சுட்டிச் சொல்ல முடியாது. உயரத்தில் ஏழில் ஒரு பங்கு என்பது தோராயம். அந்த அளவு நிழல் மே மாதக் கடைசியிலும் விழும், ஜூலை நடுவிலும் விழும். சூரியன் வடக்கே போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை.

ரவுண்டாணாவைச் சுற்றி அன்று நெடுநேரம் நடந்தேன். படத்தில் உள்ளவற்றில் எது மிச்சம் என்று பார்ப்பதுதான் எண்ணம். படத்தின் சட்டத்துக்குள் வராதவைதான் அதிகம் மிஞ்சியிருக்கின்றன. ஹிக்கின்பாதம்ஸின் 1904ஆம் வருடத்து வெள்ளைக் கட்டடத்துக்குள் புத்தகம் இன்றும் விற்கிறது. கேசினோ தியேட்டர் 1941இலிருந்து அதே மூலையில். எல்பின்ஸ்டன் போய் வணிக வளாகம் வந்துவிட்டது. 1961இல் திறந்த சாந்தி தியேட்டரும் இல்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், 1897இல் ஒரு மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது, கூரையிலிருந்து செடி முளைத்துத் தொங்க நின்றுகொண்டிருக்கிறது. 2006இல் இடிக்கத் தொடங்கி, நீதிமன்றம் தடுத்து, அதற்குப் பிறகு காப்பாற்றவும் இல்லாமல் இடிக்கவும் இல்லாமல் விட்டுவிட்ட கட்டடம். ஒரு நகரம் தன் முகத்தை இப்படி நடுரோட்டில் அழுக விடுவதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் இவற்றில் ஒன்றுகூட என் படத்துக்குத் தேதி சொல்லவில்லை. நூறு வருடம் நிற்கிற கட்டடத்தால் எப்படிச் சொல்ல முடியும்? அது 1957இலும் நின்றது, 1959இலும் நின்றது. தேதி சொன்னவை எல்லாம் நாளைக்கு இருக்காது என்று தெரிந்தே வைத்தவை. சவுக்குச் சாரம், சாக்கட்டி எழுத்து, நிழல். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அந்தச் சினிமாத் தட்டி.

•

தட்டியின் பெரும்பகுதியை மரம் மறைத்திருக்கிறது. தலைப்பாகையின் விளிம்பும், முறுக்கிய மீசையின் ஒரு பக்கமும் தெரிகின்றன. அதன் கீழே எழுத்துகளின் கடைசிப் பகுதி. முதலில் ‘மன்’ என்று மட்டும் படித்திருந்தேன். ‘மன்னன்’ என்பதன் பாதியாக இருக்கலாம் என்று நினைத்து, எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ என்று குறித்தும் வைத்திருந்தேன். அது 1958 ஆகஸ்ட் 22இல் வெளியானது. ஆனால் ‘மன்’னுக்கு அப்புறம் தட்டியில் எழுத்தே இல்லை, வெற்று வானம். அங்கேயே சொல் முடிந்துவிடுகிறது.

மவுண்ட் ரோடு அன்று சினிமாவின் சந்தை. கையால் தீட்டிய தட்டிகளும் கட்-அவுட்டுகளும் ரவுண்டாணாவைச் சுற்றி நின்ற காலம். 1957இல் ‘வணங்காமுடி’க்காகச் சித்ரா தியேட்டரில் சிவாஜிக்கு வைத்த பிரம்மாண்டமான கட்-அவுட்டைப் பற்றி அந்தத் தலைமுறை இன்னும் பேசுகிறது. ஒரு கட்டடம் எந்த வருடம் எழுந்தது என்பதில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். ஒரு தமிழ்ப் படம் எந்தத் தேதியில் வெளியானது என்பதில் சண்டை வராது.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். கோட்டையூரில் ஒரு மனிதர் தன் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டு விளம்பரங்களும் சென்னைக்கு வந்து நூலகமான இடம். சைன் போர்டு எழுதுகிறவராகத் தொழில் தொடங்கியவர் ரோஜா முத்தையா. ஒரு தட்டியின் எழுத்தைத் தேடி அவருடைய சேகரிப்புக்குள் நுழைந்தது எனக்கு நிறைவாக இருந்தது. 1957 கோடையின் இதழ்களைக் கேட்டு வாங்கினேன். தலைப்பாகை, மீசை, ‘மன்’ என்று முடியும் தலைப்பு. எதுவும் பொருந்தவில்லை. 1958, அதுவும் இல்லை. அடுத்த வருடத்து இதழைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. தேடியது அதில்தான் இருக்கும் என்று அப்போதே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. பந்துலு இயக்கம், சிவாஜி கணேசன். லண்டனில் முதலில் திரையிட்டு, 1959 மே 16 அன்று தமிழ்நாட்டில் வெளியான படம். மறு வருடம் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதை வாங்கித் தந்தது. ஸ்கேனை மறுபடி திறந்து, இலைகளுக்கு இடையில் தெரிந்த வெள்ளைப் புள்ளியைப் பெரிதாக்கினேன். இவ்வளவு நாளும் வெயில் ஊடுருவிய பொத்தல் என்று விட்டிருந்த புள்ளி. அது ‘ம்’மின் புள்ளி. ‘ம்மன்’.

வெளியாவதற்குச் சில வாரம் முன்பே தட்டி வைப்பார்கள். சரி, அதையும் சேர்த்துக்கொள்வோம். நிழல் சித்திரை நடுவுக்கு முன்னால் போக விடாது. சாரம் ஆகஸ்ட் 23க்குப் பின்னால் போக விடாது. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடம், 1959இன் கோடை. அஞ்சல் பெட்டியை நம்பினால் மே மாதக் கடைசி, இல்லாவிட்டால் ஜூலை நடு. அத்தைக்கு அப்போது ஒன்றே கால் வயது, ஒன்றரை வயது. பெரியப்பாவுக்கு மூன்றரை தாண்டிவிட்டது. மூன்றரை வயதுப் பையனை அப்படி இடது கையில் ஏந்த முடியாது, அந்தக் கவுனுக்குள் அவன் அடங்கவும் மாட்டான்.

நூலகத்தை விட்டு வெளியே வந்து ஒரு டீக்கடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடித்தவனுக்கு வரவேண்டிய சந்தோஷம் எனக்கு வரவில்லை. போனில் சொல்லக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன்.

•

அத்தையிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. படத்தைப் பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விலைப்பலகையைக் காட்டினேன், சாரத்தைக் காட்டினேன், தட்டியைக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டார். குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை.

“அப்ப இது நானா?”

“ஆமா அத்தை.”

“நானே எதுக்கு இதுல?” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய படங்கள் வீட்டில் எத்தனையோ இருக்கின்றன. கல்யாணப் படம், ரேஷன் கார்டுப் படம், பேரன் காதுகுத்தில் எடுத்தது. மொட்டைத் தலைக் குழந்தையை விரலால் ஒருமுறை தடவினார். தன்னையே தடவுகிறோம் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “வைகாசி மொட்டைன்னு அம்மா சொன்னது அப்ப எனக்குத்தானா?” என்றார். இருக்கலாம் என்றேன். “அண்ணன் அன்னிக்கு எங்கேய்யா போச்சு? மூணரை வயசுப் பிள்ளைய வீட்டுல தனியாவா விட்டிருப்பாங்க?”

பாட்டி படத்தில் இல்லை. கேமராக்காரருக்குப் பக்கத்தில் நின்றிருப்பார், பையனை அவர் பிடித்திருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை தாளைத் தன் பக்கம் திருப்பி, இடது ஓரத்துக்குக் கொண்டுபோனார். இராமபாணம் தின்ற ஓரம். தாத்தாவின் வலது கை தொங்கி, மணிக்கட்டோடு மறைகிற இடம். அந்தக் கையில் மஞ்சள் பை இருந்திருக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்லிவந்தோம். நானும் முப்பது தடவை பெரிதாக்கிப் பார்த்த படம், அந்தக் கையை மட்டும் பார்த்ததில்லை.

அத்தை எழுந்து நின்றார். வலது கையில் பையைத் தூக்குவதுபோல் ஒருமுறை பிடித்துக் காட்டினார். கை நேராகத் தொங்கியது, தோள் இறங்கியது. பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே கையை மாற்றினார். முழங்கை லேசாக வளைந்தது, தோள் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது, உள்ளங்கை பின்பக்கம் திரும்பி விரல்கள் விரிந்தன.

“பையை இப்படியா புடிப்பாங்க?” என்றார்.